மூன்றாவது கடி

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கடைசியில் கேட்கலாம் என்று வைத்தால் மறந்துவிடுகிறது. கடிதத்தை இழுத்துக்கொண்டே போகிறேன் என்று நீ குறைப்படுவதால், எழுதப்போவதை முன்கூட்டியே வரிசைப்படுத்துகிறேன்.

1. இப்போது எங்கே இருக்கிறேன்.
2. இங்கே யார் யார்.
3. இந்த வேலைக்கு நான் லாயக்கா என்ற சந்தேகம்.
4. நீ கவலைப்பட வேண்டாம் என்பதற்கான காரணங்கள்.

முதலாவது. ஊருக்கு வெளியே சிம்பன்சிகளுக்கென்று ஒரு சரணாலயம். ஆய்வுக்கூடங்களிலிருந்தும் சர்க்கஸ்களிலிருந்தும் மீட்டுக் கொண்டுவந்த பதினோரு பேர் இருக்கிறார்கள். பெரிய புல்வெளி, சுற்றிலும் அகழி, ஏறி உட்கார மரச் சாரங்கள், பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிக் கட்டிய ஊஞ்சல்கள். பின்னால் கம்பி வலை போட்ட அறைகள். பதிவேடு எழுதும் பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். கையெழுத்து நன்றாக இருக்கும் ஓய்வு பெற்ற ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. வானிலை நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் வெயிலையும் மழையையும் அளந்து எழுதியவன் என்று விண்ணப்பித்தேன். கூப்பிட்டுவிட்டார்கள். யார் எத்தனை மணிக்கு என்ன தின்றார்கள், யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள், யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் எழுத வேண்டும்.

இரண்டாவது. தலைமைப் பராமரிப்பாளரை எல்லாரும் 'குடை' என்கிறார்கள். வக்கீலம்மா என்ற சிம்பன்சி வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஆள் பக்கத்தில் வரும்வரை ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்திருந்து, குறி பார்த்துத் துப்புவாள். அதற்காக அவர் கட்டிடத்துக்குள்ளேயும் குடையோடுதான் நடக்கிறார். வக்கீலம்மாவுக்கு நாற்பது வயது. எதற்கும் எதிர்வாதம் உண்டு. தன் தட்டில் வைத்த பழத்தைத் தள்ளிவிட்டு, பக்கத்துத் தட்டைக் காட்டி அரை மணி நேரம் கத்துவாள். சிம்பன்சிக் கூட்டத்துக்குத் தலைவர், 'பெரியவர்' என்ற ஆண். அவரே வக்கீலம்மா கத்த ஆரம்பித்தால் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

மூன்றாவது. முதல் நாள், "வக்கீலம்மா என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்" என்று பதிவேட்டில் எழுதினேன். குடை படித்துவிட்டு, "சார், அது சிரிப்பில்ல. பயந்தா இப்படித்தான் பல்லைக் காட்டும். உங்களைப் பார்த்துப் பயந்திருக்கு" என்றார். என்னைப் பார்த்து ஒரு ஜீவன் பயந்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான்காவது. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டக் கூடாது. வலைக்குள் கை போகக் கூடாது. எதைக் கொடுத்தாலும் நீள இடுக்கியால்தான் கொடுக்க வேண்டும். இவ்வளவு விதிகள் இருக்கும் இடத்தில் எனக்கு என்ன ஆகிவிடும்?

வெயிலில் அலையாதே. பதில் போடு.

உன் தம்பி

ஏப்ரல் 21

தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது. என்னோடேயே வருகிறது, அதுவரைக்கும் நல்லது.

கோழி எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனவன் நீ. உனக்குச் சிம்பன்சி கேட்கிறதா? கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், ஒரு சிம்பன்சிக்கு ஆளைவிட இரண்டு மடங்கு பலம் இருக்கும் என்றார். "என் தம்பியை வைத்துக் கணக்குப் போட்டால் எட்டு மடங்கு வரும்" என்றேன்.

சரி, போனது போய்விட்டாய். வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல். அந்த வக்கீலம்மாவைப் பற்றி இன்னும் எழுது. அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போகிற ரகம் இந்தக் குடும்பத்தில் நீ ஒருத்தன் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. பயந்து செத்துவிடாதே.

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே சிரித்தவர்கள், சிரிக்காதவர் எல்லாருக்கும் என் அன்பு.

வெயில் காலத்து வேலையைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கே புல்வெளிக் கதவைத் திறந்துவிடுகிறோம். பத்து மணிக்கு மேல் ஒருவரும் வெளியே நிற்பதில்லை. சாரத்துக்கடியில் நிழல் நகர நகர இவர்களும் வரிசையாக நகர்கிறார்கள். முதல் நாளே பழச்சாறு கலந்த தண்ணீரை வாளிகளில் ஊற்றி உறைய வைத்துவிடுவோம். மதியம் ஆளுக்கொரு ஐஸ்கட்டி. பெரியவர் அதை நாய்க்குட்டியைப்போல மடியில் வைத்து நக்குகிறார். வக்கீலம்மா சாக்கில் சுற்றி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுடையதைக் கேட்கிறாள். மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் அடிப்போம். பெரியவர் இரண்டு கையையும் தூக்கி அக்குளைக் காட்டிக்கொண்டு நிற்பார். மாலையில் ஆளுக்கு இரண்டு போர்வை. அவரவர் மடித்துச் சுருட்டித் தூங்குவதற்குக் கூடுபோல அமைத்துக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரம் வக்கீலம்மா அமைதிதான். பெரியவரின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் துழாவிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து நான் இப்போது அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அவளும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதில்லை.

ஒரு விஷயம் மனத்தை அரிக்கிறது. நிர்வாகி புதியவர், கண்டிப்பானவர். மூன்று கடி பதிவானால் அந்தச் சிம்பன்சியை வேறு காப்பகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார். வக்கீலம்மா பெயரில் ஏற்கெனவே இரண்டு. பத்து வருஷத்துக்கு முன்பு ஒன்று, போன வருஷம் ஒன்று. அந்தக் காப்பகத்தில் புல்வெளி இல்லை, கூட்டமும் இல்லை, ஆளுக்கொரு அறை. வக்கீலம்மா ஆய்வுக்கூடத்தில் பதினேழு வருஷம் அப்படித் தனி அறையில் இருந்தவள். தன் முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கி முன்கைகளில் இன்றும் முடி கிடையாது. "திரும்ப அப்படி ஒரு அறையில போட்டா இவ தாங்க மாட்டா சார்" என்கிறார் குடை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

மே 20

தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். மாப்பிள்ளை இப்போது கடிதம் வந்துவிட்டதா என்று அவரே கேட்கிறார்.

அந்த நிர்வாகி விதியைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லையே. எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். "சரிங்க" என்று சொல்லியிருப்பாய். உன் கல்யாணத்துக்குத் தேதி குறித்தபோதும் "சரிங்க". உனக்கு வர வேண்டிய பதவி உயர்வை வேறொருவனுக்குக் கொடுத்தபோதும் "சரிங்க". உன்னைப் பெற்றதற்குப் பதில் நம் அம்மா ஒரு தலையாட்டிப் பொம்மை வாங்கியிருந்தால் சோறாவது மிச்சமாகியிருக்கும்.

கோபித்துக்கொள்ளாதே. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா

ஜூன் 4

அக்காவுக்கு,

நலம். திங்கள் 41 பாகை. செவ்வாய் 41.5. நேற்று 42. காற்று இல்லை. எல்லாரும் நலம். வக்கீலம்மாவும் நலம்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

நான்கு வரியில் கடிதம் முடித்தவன் என் தம்பி இல்லை. வரிசை எண் இல்லை, முழங்கால் விசாரிப்பு இல்லை. எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி ஒரே பக்கம் படுத்துக் கிடக்கிறது. ஒன்றாம் வகுப்பில் நீ இடது கையால் எழுதி அப்பாவிடம் அடி வாங்கினாயே, அதே எழுத்து.

வலது கைக்கு என்ன? எந்த விரல்?

அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாளாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆள்காட்டி விரல்.

மே 28, மதியம். அன்று இடுக்கிகள் இரண்டையும் மருந்துத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார்கள். குடை புல்வெளிப் பக்கம் இருந்தார். கொடுக்க வழியில்லாமல் வக்கீலம்மாவின் ஐஸ்கட்டி கரைந்து பாதியாகிவிட்டது. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். எனக்கும் காலையிலிருந்து மனம் சரியில்லை. பழப்பெட்டியைப் பிரித்தபோது ஒரு மரச் சிலாம்பு விரலில் ஆழமாக ஏறி, விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. ஒரு நொடிதானே என்று நினைத்தேன். கோட்டைத் தாண்டினேன். ஐஸ்கட்டியை உள்ளங்கையில் வைத்து வலையின் திறப்பில் நீட்டினேன்.

அவள் ஐஸ்கட்டியை எடுக்கவில்லை. என் விரலைப் பிடித்தாள். வாயருகே கொண்டுபோனாள். நான் உயிர் போகிறாற்போல இழுத்தேன். கடித்துவிட்டாள். சதை கிழிந்து, நுனி எலும்பு விரிசல் விட்டது.

யாரும் பார்க்கவில்லை. ஊருக்குள் போய்க் கதவில் நசுங்கிவிட்டது என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டேன். இங்கே கையுறையைக் கழற்றுவதில்லை. அன்றைய பதிவேட்டில், "மதியம்: எல்லாருக்கும் ஐஸ்கட்டி. அமைதி" என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷமும் இந்த இரண்டு மாதமும் சேர்த்து, நான் பொய்யாக எழுதிய முதல் வரி அது.

எழுதினால் அது மூன்றாவது கடி. அவள் போய்விடுவாள். விதியை மீறியது நான். அதனால்தான் எழுதவில்லை. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதே.

தம்பி

ஜூலை 1

தம்பிக்கு,

விரல் ஆறட்டும், பிறகு திட்டலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய். கையுறைக்குள் ஒளிந்திருக்கிறாய். நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் அவளுக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? பொய் எழுதியவன் பேச்சை எவன் கேட்பான்? உன்னோடு சேர்ந்து அவளும் போவாள்.

உள்ளதை எழுது. எழுதிவிட்டுக் குறுக்கே நில். ஓய்வு பெற்றவனை அவர்கள் என்ன செய்துவிட முடியும், இன்னொரு தடவை ஓய்வு கொடுப்பார்களா?

இந்தத் தடவையும் "சரிங்க" என்றால் இந்த வீட்டுக்குக் கடிதம் போடாதே.

அக்கா

ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் மடங்குகிறது. உன் முழங்காலும் மடங்குகிறது என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், ஜூலை 6-ஆம் தேதி, பதிவேட்டில் எழுதினேன்:

1. மே 28 மதியம் விதியை மீறி வலைக்குள் கையை நீட்டியவன் நான்.
2. அன்றைய பதிவில் "அமைதி" என்பது பொய்.
3. வக்கீலம்மா என் விரலைக் கடித்தாள்.
4. குற்றம் என்னுடையது. தண்டனை அவளுக்கு என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் படித்தவர் குடை. நோட்டை மூடி வைத்தார். பிறகு, "ஒரு மாசத்துக்கு மேல எங்கிட்ட மறைச்சிருக்கீங்க சார்" என்றார். "உங்களுக்கு ஒரு நோய் இருந்தா அவளுக்குப் போகும். அவகிட்டேருந்து உங்களுக்கு வரும். ரத்தம் எடுத்துப் பாத்திருக்கணும். பயந்தாங்கொள்ளியா இருங்க, தப்பில்ல. அதுக்காக இப்படியா?" அன்றே எனக்கும் வக்கீலம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று நான்கு நாளில் தெரிந்தது. அந்த நான்கு நாளும் குடை எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

நேற்று நிர்வாகி கூப்பிட்டார். மேஜைமேல் இடமாற்றப் படிவம். அதில் மூன்று கையெழுத்து வேண்டும்: நிர்வாகி, மருத்துவர், பதிவேடு எழுதுபவர். பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இங்க போடுங்க சார். சும்மா ஒரு நடைமுறைக்குத்தான்."

"சும்மான்னா என் கையெழுத்து இல்லாமலே அனுப்பலாமே" என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம்.

"கடிச்சதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"நாலு குறிப்பு எழுதியிருக்கேன். நீங்க ஒண்ணைத்தான் படிச்சிருக்கீங்க."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாதுங்கறதும் விதிதான். அதை அவ மீறல, நான் மீறினேன். யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. எங்கிட்ட ஒரே ஒரு பெட்டிதான், அரை மணியில கட்டிடுவேன்."

"வயசுல பெரியவர்னு பொறுமையாப் பேசறேன். வர இருபத்தஞ்சாம் தேதி வண்டி வருது. போடுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

அக்கா, என் கால் நடுங்கியது. மேஜை மறைத்துக்கொண்டதால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது குடை வாசலில் நின்றிருந்தார். "வணக்கம் சார்" என்றார்.

படிவத்தில் மருத்துவரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காயத்தைப் பார்க்காமல் போட மாட்டேன் என்கிறார். அவர் வெளியூரிலிருந்து வர பத்து நாள் ஆகும்.

தம்பி

ஜூலை 18

தம்பிக்கு,

"மாட்டேன்" என்ற இடத்தை மகளை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கால் நடுங்கினால் நடுங்கட்டும். அதுபாட்டுக்கு நடுங்கும், நீ பாட்டுக்குப் பேசு. வண்டி என்ன ஆயிற்று என்று உடனே எழுது. இந்தத் தடவை இழுத்தே எழுது.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டபடி இழுத்தே எழுதுகிறேன்.

மருத்துவர் நேற்றுக் காலை வந்தார். என் விரலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பல்லு பட்ட தழும்பு எங்கே?" என்று கேட்டார். நீளமாக ஒரே ஒரு கிழிசல்தான் இருந்தது. "இது பல்லு இல்லை. கம்பி. வலையில மாட்டிக் கிழிஞ்சிருக்கு, இழுத்த வேகத்துல எலும்பும் விரிஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி கையில ஏதாவது காயம் இருந்துதா?" சிலாம்பு ஏறியிருந்ததைச் சொன்னேன். "அது எங்கே போச்சு?" அப்போதுதான் நானும் யோசித்தேன். ஊரில் கட்டுப் போட்டவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: "காயம் சுத்தம் செய்யப்பட்டது. உள்ளே ஒன்றுமில்லை."

குடை தலையில் அடித்துக்கொண்டார். "பெரியவர் கால்ல முள்ளு குத்தினா இவதானே எடுப்பா. வருஷக்கணக்கா எடுத்துக்கிட்டிருக்கா."

நிர்வாகி நம்பவில்லை. "பாத்துடலாம்" என்றார் மருத்துவர். ஒரு பழைய தோல் கையுறையில் மெல்லிய சிலாம்பு ஒன்றைக் குத்தி, நீளக் கழியின் நுனியில் கட்டி, வலையின் திறப்பில் நீட்டினார். நாங்கள் நால்வரும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

வக்கீலம்மா வந்தாள். கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கையால் அதன் விரலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதட்டைக் குவித்து ஊதினாள். பிறகு முன்பற்களின் நுனியால் சிலாம்பை மட்டும் மெதுவாக இழுத்தெடுத்தாள். உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தாள், முகர்ந்தாள், தட்டிவிட்டாள். கையுறையைத் திறப்பின் வழியாக வெளியே தள்ளினாள். மருத்துவர் அதை எடுத்து நிர்வாகியிடம் கொடுத்தார். தோலில் ஒரு பல் தடம்கூட இல்லை. நிர்வாகி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வக்கீலம்மா தொட்டியிலிருந்து வாய் நிறைய நிரப்பிக்கொண்டு வந்தாள். குடை விரிவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

என் தப்பு இப்போது எனக்குப் புரிகிறது. அன்று அவள் விரலைப் பிடித்ததும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வலி வந்தது, ரத்தம் வந்தது, கடித்தாள் என்று முடிவு கட்டினேன். வானிலை நிலையத்தில் இருந்தவரை ஒரு நாளாவது வெப்பமானியைப் பார்க்காமல் ஒரு எண் எழுதியிருப்பேனா? இங்கே பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன். நீ உள்ளதை எழுதச் சொன்னாய். உள்ளது எது என்று எனக்கே தெரியாது என்பது நம் இருவருக்கும் தோன்றவில்லை.

மாலையில் நிர்வாகி உடை மாற்றிக்கொண்டு கூப்பிட்டார். "வண்டி வராது. சொல்லிட்டேன்" என்றார். நான் நன்றி சொல்வதற்குள், "ஆனா பதிவேட்டில எழுதினதை மாத்தறது இங்க வழக்கமில்ல. மூணாவது கடி எழுதினபடி அப்படியே இருக்கட்டும். நாம எல்லாரும்தான் பாத்துட்டோமே" என்றார்.

"நாம பாத்தோம். உங்களுக்கு அப்புறம் வர நிர்வாகி பாக்கலையே. அவர் பதிவேட்டைத்தானே பாப்பார்?"

"சார், நீங்க காயத்தை மறைச்சதுக்கு நான் நடவடிக்கை எடுத்தாகணும். நாளையிலேருந்து பழம் நறுக்கற அறைக்குப் போங்க. வலைப் பக்கம் வர வேண்டாம். பதிவேட்டைக் கொடுத்துடுங்க."

"அது நியாயம். போறேன். இன்னிக்குப் பதிவை முடிச்சிட்டுத் தரேன்."

"நோட்டை மூடுங்கன்னு சொல்றேன்."

"கேட்டுது. மூட மாட்டேன். இன்னிக்கு மாலை வரைக்கும் அது என் பொறுப்பு."

அவர் எதிரிலேயே பேனாவைத் திறந்தேன். வலது கையால்தான் எழுதினேன். விரல் வலித்தது, எழுத்து சாயவில்லை. அவர் தடுக்கவில்லை. முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, நோட்டைக் கையில் வாங்கி, மை காயும்வரை திறந்தே வைத்திருந்தார்.

பழம் நறுக்கும் அறையிலிருந்து இதை எழுதுகிறேன். வக்கீலம்மா யாரிடமோ வாதாடுவது இங்கேவரை கேட்கிறது. முழங்காலை மடக்கி உட்காராதே. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. நேற்று எழுதியதை அப்படியே தந்து முடிக்கிறேன், இந்தக் கடிதத்துக்கும் அதுவே கையெழுத்தாக இருக்கட்டும்:

"ஜூலை 23, மாலை 5.10. வெப்பம் 38 பாகை. ஜூலை 6-ஆம் தேதிப் பதிவில் மூன்றாம் குறிப்பு தவறு. அவள் கடிக்கவில்லை. சிலாம்பை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை இழுத்தவன் நான்."